பொடி எழுத்து

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த பெண் டோக்கன் எடுக்கவில்லை. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, அதில் உள்ள எண்ணைப் பார்த்து முகம் சுளித்து, அப்புறம்தான் உட்காருவார்கள். இவள் நேராக வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பையிலிருந்து பெரிய கரண்டி ஒன்றின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகப்பு மேஜையில் இருந்த ரிப்போர்ட் அக்கா அவளைக் கவனித்ததே அந்தக் கரண்டியால்தான். ஆளை அடையாளம் தெரிவதற்கு முன்னால் கரண்டி தெரிந்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேபுக்குச் சிறுநீர் பாட்டிலோடு வருகிறவர்கள் உண்டு, அழுகிற பிள்ளையோடு வருகிறவர்கள் உண்டு, கரண்டியோடு யாரும் வந்ததில்லை.

ரிப்போர்ட் அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வருகிறவர்களின் பெயர், வயது, போன் நம்பர் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கர் அடித்து ஊசி குத்தும் அறைக்கு அனுப்ப வேண்டும். லேபை நடத்தும் டாக்டரம்மா உள்ளே தன் அறையிலிருந்து முடிவுகளை ஏற்றியதும், அவை இவள் திரையில் வரும். ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பார்த்து, அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, உரியவர் கையில் கொடுக்க வேண்டும். உரியவர் கையில் மட்டும். புருஷன் வந்து கேட்டாலும் பெண்டாட்டியின் ரிப்போர்ட்டைத் தரமாட்டாள். “அவங்களையே வரச் சொல்லுங்க, இல்லன்னா எழுதி வாங்கிட்டு வாங்க” என்பாள், குரலை உயர்த்தாமல். சண்டை பிடித்தவர்கள் உண்டு, மேஜையைத் தட்டியவர்கள் உண்டு. அவள் மசிந்ததில்லை. மருந்துக்கடைக்கு மேலே, வெளிச்சம் போதாத மாடிப்படி ஏறிப் போகவேண்டிய அந்தச் சின்ன லேபுக்குக் கூட்டம் வந்ததே இந்தக் கமுக்கத்துக்காகத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் யார் கண்ணிலாவது பட்டுத் தொலைக்க வேண்டும். இங்கே எல்லாம் காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் கரண்டிக்காரி எழுந்து மேஜைக்கு வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் அக்காவுக்கு ஆள் தெரிந்தது. மாணவர் விடுதி ஒன்றில் சமைக்கிறவள். போன வாரம் ரிப்போர்ட் வாங்கிப்போனாள். போன் நம்பர் கேட்டபோது, “எனக்குன்னு போன் இல்லக்கா, ஹாஸ்டல் நம்பரப் போட்டுக்கங்க, ஆனா கூப்பிட்டுடாதீங்க” என்று சொல்லியிருந்தாள்.

“நான் சண்டை போட வரலக்கா,” என்றாள் அவள். “யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதும். போயிடறேன்.”

“எதை?”

“எனக்கு என்ன இருக்குன்னு.”

விடுதிக்கு ஒரு போன் வந்திருக்கிறது. எடுத்தது வார்டன். நல்ல மரியாதையான குரலாம். இவள் பெயரைச் சொல்லி, இவளுக்கு பி வகை மஞ்சள் காமாலை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, எங்களிடம் அதற்கு மருந்து இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறது. வார்டன் பொறுமையாகக் கடைசிவரை கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்து, அடுப்பை அணைக்கச் சொன்னாராம்.

“சாப்பாட்டுல எல்லாம் அது ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? அதைச் சொன்னீங்களா?”

“எனக்குப் புரிஞ்சுதுக்கா. அவருக்குப் புரியவைக்க நான் யாரு?” அவள் பையைத் தொட்டுக்காட்டினாள். “இது நான் வாங்கின கரண்டி. அதான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இது முதல் தடவை இல்லை. கொஞ்ச காலமாகவே அரசல்புரசலாக வந்துகொண்டிருந்த பேச்சுதான். சர்க்கரை ஏறிய ஒருவர், வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சர்க்கரைக்குப் பொடி விற்கிறவன் கூப்பிட்டுவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஓர் இளம்பெண், தான் உண்டாகியிருப்பதைப் புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் குழந்தைச் சாமான் விற்கிறவர்கள் அவனுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டாள். போனில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, காலம் கெட்டுக்கிடக்கிறது என்று அக்காவும் சேர்ந்துகொண்டு பேசியிருக்கிறாள். சிரித்தவர் சிரித்தார், கோபித்தவள் கோபித்தாள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றவள் இவள்தான்.

டாக்டரம்மா வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டார். அதிகம் பேசுகிறவர் இல்லை. சமையல்காரியை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, வார்டனிடம் தானே பேசுவதாகச் சொல்லி அனுப்பினார். பேசினாலும் அந்த மனிதர் கேட்கப்போவதில்லை என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இங்க இருக்கறது மூணே பேரு. நான் சொல்லல. நீங்க கூடப்பொறந்தவங்ககிட்டகூட வாயத் திறக்க மாட்டீங்க. மிச்சம் யாரு?”

மிச்சம் கொசு. ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவன். “கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது, பாருங்க” என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகி நிலைத்துவிட்டது. சொன்னபடியே குத்துவான். நரம்பு அகப்படாத கிழவர்கள்கூட அவன் இருக்கிற நேரம் பார்த்து வருவார்கள். ஒரே குறை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. வருகிறவர்களின் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாவற்றையும் ஊசி வெளியே வருவதற்குள் கறந்துவிடுவான். பெண்டாட்டிக்கு மாதம் நெருங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். அந்தச் செய்தியும் அத்தனை பேருக்கும் தெரியும், மருந்துக்கடைப் பூனை உட்பட. இப்படி ஒருவன் இருக்கும்போது சந்தேகம் வேறு யார் மேல் போகும்?

ஆனால் அவனுக்கு ரிசல்ட் தெரியாது. அது அக்காவுக்குத் தெரியும். ஊசி அறைக்குப் போவது வெறும் ஸ்டிக்கர் எண். போன் நம்பரும் போகாது, முடிவும் போகாது. டாக்டரம்மாவின் அறையிலிருந்து நேராக இவள் திரைக்கு, திரையிலிருந்து உறைக்கு. நடுவில் கொசு வருவதற்கு வழியே இல்லை. கோபத்தில் டாக்டரம்மாவுக்கு அது தோன்றவில்லை. ‘அவனுக்கு ரிசல்ட்டே தெரியாதே டாக்டர்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா அதை மென்று விழுங்கினாள். அவன் இல்லையென்றால் அடுத்தது யார் என்ற கேள்வி வரும், அதற்கு இந்த அறையில் ஒரே ஒரு பதில்தான் உட்கார்ந்திருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்,” என்றார் டாக்டரம்மா. “அவனா வந்து ஒத்துக்கிட்டா சரி. இல்லன்னா வெள்ளைக் கோட்டைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பட்டும். எந்த லேப்ல கேட்டாலும் நான் உள்ளதச் சொல்லத்தான் வேணும்.”

அக்கா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று பிற்பகல் கொசு டாக்டரம்மாவின் அறைக்குப் போய்விட்டு வந்தான். வெளியே வந்தவன் அடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பேசாமல் ஊசி குத்தினான். பிள்ளை வீல் என்று கத்தியது. அவன் குத்தி ஒரு பிள்ளை கத்தி அக்கா அதுவரை கேட்டதில்லை. கூட்டம் போனதும் அவன் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

“நான் சொல்லுவேனாக்கா?”

“நீ சொல்லமாட்டே.”

“இத டாக்டரம்மாகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க.”

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, “பாக்கலாம்” என்றாள். அவன் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கையுறைப் பெட்டியை எடுத்து வைக்கிற சாக்கில் நகர்ந்துபோனான்.

அவன் சொல்லவில்லை, டாக்டரம்மா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. அப்படியானால் நான் பார்ப்பதை என்னோடு சேர்ந்து பார்ப்பது யார்? இப்படி ஒரு கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டபோது அக்காவின் கண், திரையின் மேல் மூலையில் இருந்த சின்ன வட்டத்தில் போய் நின்றது. பூதக்கண்ணாடி போட்ட படம். அங்கே பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பார்த்தாள்.

அவள் கண் விஷயம் யாருக்கும் தெரியாது. மகனுக்குக்கூடத் தெரியாது. அவன் கடல் தாண்டி வேலைக்குப் போனவன், போனில் முகம் பார்த்துப் பேசும்போது அம்மாவின் கண் அவனுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அப்புறமும் போனபோது கண் டாக்டர் மருந்து ஊற்றி, விளக்கை அணைத்து, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது கண்ணாடியால் ஆகிற காரியம் இல்லையம்மா என்று சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் நட்டநடுவில் ஒரு புகை. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மங்கும், பக்கத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும். எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு வேறு என்ன வேண்டும். அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர், எண்ணுக்கு நடுவில் இருக்கவேண்டிய ஒரு புள்ளி விடுபட்டதைக் கவனிக்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்தப் புள்ளியால் ஓர் உயிர் போகப் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்த எக்ஸ்டென்ஷன் கண்ணில் பட்டது. லேபின் வேலை எல்லாம் பிரவுசரில் நடப்பது, அந்தப் பிரவுசரிலேயே ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சமாசாரம். அம்புக்குறியை எந்த எழுத்தின் மேல் கொண்டுபோனாலும் அங்கே ஒரு வட்டம் திறக்கும், உள்ளே இருக்கும் எழுத்து ஊறவைத்த கடலை மாதிரி உப்பித் தெரியும். பின்னால் நிற்கிறவர்களுக்கு எதுவும் விளங்காது. இதைச் செய்தவன் ஒரு மாணவன். அவனுடைய இணையப் பக்கத்தில் அவனும் அவன் தாயும் நிற்கிற படம் இருந்தது, அடியில் ‘என் அம்மாவின் கண்ணுக்காக நான் செய்தது, எல்லா அம்மாக்களுக்கும் இலவசம்’ என்று இருந்தது. அக்கா அதில் விழுந்துவிட்டாள். பெற்ற தாய்க்காக ஒன்றைச் செய்கிறவன் கெட்டவனாக இருப்பானா என்று ஒரு நியாயம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தானே தட்டுத்தடுமாறி அதை ஏற்றிக்கொண்டாள். வருஷக்கணக்கில் அது அவளுக்கு உழைத்தது. மகன் செய்யாத உதவியை எவனோ பெற்ற பிள்ளை செய்கிறான் என்று மனசுக்குள் அவனை வாழ்த்தாத நாள் இல்லை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் அந்தப் பூதக்கண்ணாடி திறக்கவில்லை. திரையின் மேலே ஒரு பெட்டி வந்து நின்றது. உள்ளே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனாள், வட்டம் வரவில்லை. உலகத்தில் உள்ள எழுத்தை எல்லாம் பெரிதாக்கிக் காட்டுகிற சாமர்த்தியம், தன்னைப் பற்றிய எழுத்தின் மேல் மட்டும் செல்லவில்லை. மேஜைக்கு எதிரே வரிசை மாடிப்படிவரை நின்றது. ஒரு பிள்ளை அழுதது, ஒரு பெரியவர் காலையில் வெறும் வயிற்றோடு வந்திருப்பதை இரண்டாவது தடவையாக நினைவுபடுத்தினார். பெட்டியில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது. அமுக்கினாள். வட்டம் திறந்தது. அன்றைய பாடு தீர்ந்தது என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இப்போது அவள் அந்தப் பொடி எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். கைபேசியில் அதைப் படம் பிடித்து, இரண்டு விரலால் விரித்து விரித்துப் படித்தாள். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்.’ மாணவனின் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாலைந்து எழுத்துகளை ஒட்டவைத்தது போல ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தப் பையன் நல்லவனாகவே இருந்திருக்கலாம். யாரோ விலைக்குக் கேட்டிருப்பார்கள், கொடுத்துவிட்டுப் போயிருப்பான். அதோடு சேர்த்து அவளையும் கொடுத்துவிட்டுப் போனான் என்பதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்போதும் மனசு விட்டுக்கொடுக்கவில்லை. படிக்காமல் எப்படிப் பெரிதாக்கிக் காட்ட முடியும், படிக்கத்தானே வேண்டும் என்று அதற்காக வாதாடியது. ஆகவே ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு நோயாளியை உண்டாக்கினாள். யாருக்கும் இருக்க முடியாத ஒரு பெயர், இரண்டு மூன்று பெயர்களை வெட்டி ஒட்டுப்போட்டது. மகன் விட்டுப்போன பழைய போன் ஒன்று அவள் கைப்பையில் கிடந்தது, மாடிப்படி இறங்கும்போது வெளிச்சத்துக்காக வைத்திருப்பது. அந்த நம்பரைப் போட்டாள். முடிவு என்ற இடத்தில், சமையல்காரிக்கு வந்ததையே போட்டாள். பெயரின் மேல், நம்பரின் மேல், வியாதியின் மேல் அம்புக்குறியை நிறுத்தி நிறுத்தி வட்டத்தைத் திறந்து காட்டினாள். ஒரு சிறு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல இருந்தது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு நடுவில், எங்கேயோ ஒரு போன் அடித்தது. யாருடைய போன் இப்படி விடாமல் அடிக்கிறது, எடுத்துத் தொலைக்கக்கூடாதா என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தாள். சத்தம் தன் பையிலிருந்து வருகிறது என்று தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வணக்கம்மா,” என்றது ஓர் ஆண் குரல். கனிவான குரல். சொந்தத் தம்பி பேசுவது போல. பிறகு அது அந்தப் பெயரை, நேற்று அவள் ஒட்டுப்போட்ட பெயரை, எழுத்துப் பிசகாமல் முழுசாகச் சொன்னது. “அவங்கதானே பேசறது?”

அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா. ரிப்போர்ட் பாத்தோம். இதெல்லாம் ஆரம்பத்துலயே கவனிச்சா சரியாயிடும். உங்க வீட்ல யாருக்கும் சொல்லிட்டீங்களா?”

அழைப்பைத் துண்டித்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. இந்த மேஜையில் வந்து நின்று, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்து, குனிந்து தணிந்த குரலில் தன் வயதையும் நம்பரையும் சொன்ன ஒவ்வொரு முகமும் வரிசையாக வந்தது. உறையை ஒட்டி ஒட்டிக் கொடுத்தாளே, கட்டிய புருஷனுக்குக்கூடக் காட்டமாட்டேன் என்று நின்றாளே, அந்த வீறாப்பு எல்லாம் எதற்கு? தன் கண் டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட்டையும் இதே திரையில்தான், இதே வட்டத்தை நகர்த்தி நகர்த்தித்தான் படித்தாள் என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. மகனுக்கும் டாக்டரம்மாவுக்கும் தெரியாதது அந்தக் குரலுக்குத் தெரியும். எப்போது தேவையோ அப்போது அது அவளையும் கூப்பிடும்.

மத்தியானம் அதை நீக்கினாள். நீக்கியதும் ஒரு பக்கம் திறந்தது. இது மட்டும் பொடி எழுத்தில் இல்லை, கண் தெரியாதவரும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் இருந்தது. ‘நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம். ஏன் போகிறீர்கள்?’ அடியில் தேர்ந்தெடுக்கச் சில காரணங்கள். மெதுவாக இருக்கிறது. பயன் இல்லை. நம்பிக்கை இல்லை. அதற்கும் அடியில், ‘திரும்பி வருவீர்கள் என்று தெரியும்.’ அக்கா எதையும் தொடாமல் அந்தப் பக்கத்தை மூடினாள்.

திரை முழுக்க எழுத்து எறும்பாகிவிட்டது. இருக்கட்டும், இனிமேல் யாருக்கும் போன் போகாது, அது போதாதா என்று யோசித்தாள். கொசு கெட்டிக்காரன், கை சுத்தம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். கண்ணுக்கும் ஏதாவது வழி பிறக்கும். மனசு எவ்வளவு லாவகமாக வக்கீல் வேலை பார்க்கிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஊசி அறையில் அவன் தன் சாமான்களைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒப்படைத்துவிட்டுப் போகிறவன் அடுக்குகிற மாதிரி.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடக்க ஒருவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். மனைவிக்கு ஆபரேஷன், ரத்த ரிப்போர்ட் வந்தால்தான் உள்ளே கொண்டுபோவார்களாம். ரிப்போர்ட்டை இவரிடம் தரலாம் என்று மனைவியே எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார்.

“கொஞ்சம் சரியாப் பாத்துக் குடுத்துடுங்கக்கா. அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

டாக்டரம்மா ஏற்றிய முடிவு திரையில் நின்றது. அக்கா பார்த்தாள். நேராகப் பார்த்த இடத்தில் புகை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். ஆறா, எட்டா? நடுவில் புள்ளி இருக்கிறதா, திரையின் தூசியா? அச்செடுத்து ஒட்டிக் கொடுத்துவிடலாம். ஏற்றியவர் டாக்டரம்மா, அவர் தப்பாக ஏற்றுகிறவர் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகவே இருக்கும். அந்த மனிதர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முடிவு அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

“தம்பி,” என்று அக்கா கூப்பிட்டாள். “இங்க வா. இதப் படி.”

கொசு வந்தான். வந்தவன் மேஜைக்கு எதிர்ப்பக்கமே நின்றான். “நானா? நான் ரிசல்ட்டப் பாக்கக் கூடாதேக்கா. இத்தன வருஷத்துல பாத்ததே இல்லையே.”

“எனக்குத் தெரியும். நேத்தே தெரியும்.” அவள் குரல் தணியவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்குக் கண்ணு தெரியல. படி.”

அவன் சுற்றிக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். தணிந்த குரலில் ஒவ்வொன்றாகப் படித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும், இருக்கவேண்டிய அளவை வாயால் சொல்லி ஒத்துப் பார்த்தாள். அது அவளுக்கு மனப்பாடம். எல்லாம் சரியாக இருந்தது. அச்சு வந்தது, உறை ஒட்டியது, அந்த மனிதர் வந்த வேகத்தில் இறங்கிப்போனார். கொசு அங்கேயே நின்றான். பிறகு குனிந்து, கீபோர்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினான். திரையில் இருந்த எழுத்து எல்லாம் பெரிதாயிற்று. இன்னொரு தடவை அமுக்கினான், இன்னும் பெரிதாயிற்று.

“இது இதுலயே இருந்துச்சா?” என்று அக்கா கேட்டாள்.

“எப்பவுமே இருக்குக்கா,” என்றான் அவன் மெதுவாக. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

டாக்டரம்மா அறைவாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அக்கா பையிலிருந்த பழைய போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கொசுவையும் கூப்பிட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. கண்ணில் ஆரம்பித்து, தாயும் பிள்ளையும் நின்ற படம், நீலப் பொத்தான், இல்லாத ஒரு பெண்ணுக்கு வந்த போன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. கொசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நேற்று அவன் கேட்டபோது ‘பாக்கலாம்’ என்று சொன்னதையும் அவள் சொன்னாள். அப்போது மட்டும் அவன் நிமிர்ந்தான்.

டாக்டரம்மா கொசுவிடம், “கோட்டைக் கழட்டாதே” என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எடுத்தாச்சுல்ல அதை?”

“எடுத்துட்டேன்.”

“அப்ப முடிஞ்சுது. இனிமே வராது.”

அக்காவின் கையில் இருந்த போன் அடித்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். அக்கா அதை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் காதில் வைத்துக்கொண்டார். வணக்கம் சொல்வதும், பெயர் சொல்வதும் அந்த அமைதியில் மற்ற இருவருக்கும் கேட்டது.

“அப்படி யாரும் கிடையாது,” என்றார் டாக்டரம்மா. நோயாளிகளிடம் பேசுகிற அதே திட்டமான குரலில். “நீங்க சொல்ற ஆளே கிடையாது. புரியுதா?”

“இருக்காங்க மேடம்,” என்றது குரல், கொஞ்சமும் கோபப்படாமல். “அவங்க ரிப்போர்ட் எங்க முன்னாடிதான் இருக்கு.”

டாக்டரம்மா போனை அணைத்து, மேஜையில் வைத்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியாக முன்கூடம் தெரிந்தது. இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. டோக்கனைப் பிடித்தபடி, பஞ்சைக் கைமடிப்பில் அழுத்தியபடி, ஆளுக்கு ஒரு யோசனையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் போன் அடித்தது. காலையில்தான் உறை வாங்கிப் போனவள், தங்கையைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்திருந்தாள். யார் என்று பார்த்தாள். தெரியாத நம்பர் போல, கொஞ்சம் தயங்கினாள். பிறகு எடுத்தாள்.

“ஆமா,” என்றாள். “நான்தான் பேசறேன்.”

பேசிக்கொண்டே எழுந்தாள். தங்கைக்குக் கேட்காமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். இரண்டடி போனவள் நின்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மெதுவாகத் திரும்பி, ஆள் இல்லாத முகப்பு மேஜையையும் அதன் மேல் பெரிய பெரிய எழுத்தோடு எரிந்துகொண்டிருந்த திரையையும் பார்த்தாள்.